கப்பல்ல போறதுக்கு வேட்டி கட்டலாமா? – ஒரு நீண்ட இழை

1/
போன மாசம் ஓபி-யில ஒரு பெரியவர் கேட்ட கேள்வி: "டாக்டரம்மா, கப்பல்ல போறதுக்கு வேட்டி கட்டிக்கிட்டுப் போலாமா?"

பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர். வயசு எழுபதைத் தாண்டியாச்சு. சொந்த ஊர் புதுப்பட்டினம் பக்கம். சென்னையில வேலை பார்க்கிற பொண்ணு, வார இறுதி சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் போட்டிருக்காங்க. ரெண்டு ராத்திரி. "அப்பா, பேன்ட் போட்டுத்தான் வரணும்"னு கண்டிஷன் வேற.

(அவர் அனுமதியோடதான் எழுதறேன். அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/
பின்னாடி பெரிய வரிசை. "தாராளமா கட்டுங்க ஐயா, படிக்கட்டு ஏறும்போது மட்டும் மடிச்சுக் கட்டிக்கோங்க"ன்னு சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.

எழுந்து போகும்போது அவர் சொன்னதுதான் இந்த இழைக்குக் காரணம்.

"எங்கப்பாரும் படகுக்காரருதாம்மா. மெட்ராஸ்லேந்து மாபலிபுரத்துக்கு வாய்க்கால்ல ஆளுங்களக் கூட்டியாருவாரு. ஆனா போகும்போது வரும்போது அவரு படகுல உக்காந்ததே கெடையாது. கரையில நடந்துக்கிட்டே கயிறு இழுப்பாரு."

3/
நான் இந்தக் கரையில வேலை பார்க்கிறவள். தினமும் அந்த வாய்க்காலைத் தாண்டித்தான் டியூட்டிக்குப் போறேன். பாசி, பிளாஸ்டிக், கொசு. இதைத் தவிர அதைப் பத்தி நான் பெருசா யோசிச்சதே இல்லை.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். நம்ம ஊர்ல வார இறுதிப் படகுப் பயணம்ங்கிறது 2022-ல வந்த புதுச் சமாச்சாரம்னு நினைச்சுட்டிருந்தேன். நூறு வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு. கடல்ல இல்ல, கால்வாய்ல.

முதல்ல வரலாறு. கடைசியில என்ன உடுத்தறது, என்ன மாத்திரை எடுத்துக்கிறதுன்னு சொல்றேன். அவசரம்னா 20-க்குத் தாவிடுங்க.

4/
பக்கிங்காம் கால்வாய். 1806-ல பேசில் காக்ரேன்கிற வெள்ளைக்கார வியாபாரி, சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் வெட்டின வாய்க்கால்தான் தொடக்கம். அப்போ அதுக்குப் பேரே காக்ரேன் கால்வாய். 1837-ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. வடக்கே கிருஷ்ணா டெல்டாவில் பெத்தகஞ்சம் வரை நீண்டது. தெற்கே கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், பாலாறு எல்லாம் தாண்டி 1882-ல மரக்காணம் வரைக்கும் வந்தது.

மொத்தம் 420 கிலோமீட்டர். அதுல சுமார் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டுல. பெரும்பாலும் கடலுக்கு இணையாவே, கரையை ஒட்டியே ஓடும்.

5/
இதுல என்ன போச்சு? உப்பு. கோவளத்துலேந்து மரக்காணம் வரைக்கும் உப்பளங்கள்தானே. அப்புறம் சவுக்குக் கட்டை. சென்னையில அடுப்பு எரிஞ்சதே செங்கல்பட்டுக் கடற்கரைச் சவுக்குத் தோப்புகளால. நெல்லு, வைக்கோல், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல்.

படகை ஓட்ட மூணு வழி. காத்து சாதகமா இருந்தா பாய். இல்லன்னா நீளமான கழியை அடியில ஊன்றித் தள்ளணும். அதுவும் ஆகலன்னா, கரையில இறங்கி, கயிறைத் தோள்ல மாட்டிக்கிட்டு இழுக்கணும். அப்படி இழுக்கறவங்க நடக்கிறதுக்குன்னே கால்வாய்க் கரையில பாதை விட்டிருப்பாங்க.

6/
ரயில் நேரா மாமல்லபுரத்துக்கு அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. ஈசிஆர் எல்லாம் நேத்து வந்தது. அதனால சென்னையிலேந்து கற்கோயில்களைப் பார்க்க வர்றவங்களுக்கு வசதியான வழி இந்தக் கால்வாய்தான். சாயங்காலம் அடையாறு பக்கம் படகு ஏறினா, ராத்திரி முழுக்க மிதந்து, விடியும்போது மாமல்லபுரம். பகல்ல சுத்திப் பார்த்துட்டு மறுபடி ராத்திரிப் படகு. சுத்தமான வீக்எண்ட் டிரிப்.

தூரம் சுமார் 55 கிலோமீட்டர். மனுஷன் சுமை இழுத்துக்கிட்டு நடக்கிற வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க. நீங்களே வகுத்துப் பாருங்க. காத்து உதவலன்னா பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல.

7/
இந்தப் பயணத்தைப் போனவங்கள்ல நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு கோஷ்டி உண்டு. 1934-ல, நிலா வெளிச்சத்துல, நண்பர்களோட படகு ஏறி மாமல்லபுரம் வந்தவர் பாரதிதாசன். கூட வந்தவங்க யாருன்னு பாருங்க: ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம் அம்மையார், மயிலை சீனி. வேங்கடசாமி.

ஒரு படகுல ஒரு கவிஞர், ஒரு வருங்காலக் கம்யூனிஸ்ட் தலைவர், சுயமரியாதை இயக்கத் தம்பதி, ஒரு வரலாற்று ஆய்வாளர். ராத்திரி முழுக்க என்ன பேசியிருப்பாங்கன்னு யோசிச்சாலே ஆசையா இருக்கு. அந்தப் பயணத்தைத்தான் பாவேந்தர் 'மாவலிபுரச் செலவு'ன்னு பாட்டா எழுதினார். 'செலவு'ன்னா இங்க பயணம். காசு இல்ல.

8/
சரி, அந்தக் காலத்துப் படகுல போக என்ன உடுத்தினாங்க? டாக்டரா எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

வெள்ளைக்காரத் துரைமார் முதல்ல தலைக்கு நெட்டித் தொப்பி போடுவாங்க. நம்ம ஊர்க் குளத்துல வளர்ற நெட்டிச் செடியோட தண்டுல செய்யற, பூ மாதிரி லேசான தொப்பி. நம்ம நாட்டு வெயில் மண்டை வழியா இறங்கி மூளையைக் கெடுக்கும்னு அவங்களுக்குப் பயம். அதோட விட்டாங்களா? முதுகுத்தண்டையும் வெயில் தாக்கும்னு, முதுகுல ஒரு பஞ்சுத் திண்டு வச்சுத் தைச்சுக்கிட்டாங்க. மே மாசத்துல.

9/
இன்னொண்ணு, 'காலரா பெல்ட்'. வயித்தைச் சுத்தி ஃபிளானல் கம்பளித் துணிப் பட்டை. வயிறு குளிர்ந்தா வாந்திபேதி வரும்னு நம்பிக்கை. பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு இதை அதிகாரப்பூர்வமாவே கொடுத்தாங்க. காலரா குடிதண்ணியில பரவுதுன்னு 1854-லயே லண்டன்ல ஜான் ஸ்னோ காட்டிட்டார். 1884-ல ராபர்ட் கோச் கல்கத்தாவுல கிருமியையே பிடிச்சுட்டார். அப்பவும் பெல்ட்டை அவிழ்க்கல. 20-ஆம் நூற்றாண்டுலயும் கட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்க.

சிரிக்காதீங்க. "ஏசி காத்து பட்டு வயிறு கெட்டுப்போச்சு டாக்டர்"னு இன்னைக்கும் வாரத்துக்கு நாலு பேராவது வர்றாங்க.

10/
கால்வாய்ப் பயணத்துல உண்மையான ஆபத்து வேற. கொசு. தேங்கின தண்ணி, ராத்திரி, அசையாம படுத்திருக்கிற ஆளுங்க. கொசுவுக்குக் கல்யாண வீடு.

1877-ல சீனாவோட அமாய் துறைமுகத்துல பாட்ரிக் மேன்சன்கிற டாக்டர், யானைக்கால் கிருமி கொசு உடம்புல வளருதுன்னு கண்டுபிடிச்சார். அந்தக் கிருமிக்கு ஒரு வினோதப் பழக்கம்: பகல்ல ஒளிஞ்சிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ரத்தத்துல சுத்த வரும். யானைக்கால் சோதனைக்கு ரத்தம் எடுக்க சுகாதாரத் துறை ஆளுங்க நடுராத்திரி கதவைத் தட்டறது இதனாலதான். 1897 ஆகஸ்ட் 20-ல செகந்திராபாத்துல ரொனால்டு ராஸ் மலேரியாவையும் கொசுவுக்குள்ள பார்த்துட்டார்.

நெட்டித் தொப்பியை விட ஒரு கொசுவலை ஆயிரம் மடங்கு உபயோகம்.

11/
1877-னு எழுதினதும் நிறுத்திட்டேன். ஏன்னா அந்த வருஷம் நம்ம கால்வாய்க்கும் முக்கியமான வருஷம்.

அதுவரைக்கும் வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் சென்னை நகரத்துக்குள்ள ஒண்ணோட ஒண்ணு சேரல. கூவத்துக்கும் அடையாத்துக்கும் நடுவுல எட்டு கிலோமீட்டர் பாக்கி. அதை 1877–78-ல வெட்டினாங்க. வெட்டினது யாரு?

பஞ்சத்துல பொழைக்க வந்த ஜனங்க.

12/
1876-ல மழை பொய்ச்சுது. தாது வருஷத்துப் பஞ்சம்னு நம்ம பாட்டிமார் சொல்வாங்களே, அதுதான். 1876–78 ரெண்டு வருஷத்துல தென்னிந்தியாவை மையமா வச்சு நாடு முழுக்க செத்தவங்க அம்பது லட்சத்துக்கு மேல. செங்கல்பட்டு ஜில்லாவும் தப்பல. ஊரைக் காலி பண்ணிட்டு ஜனங்க சென்னையை நோக்கி நடந்தாங்க.

அதே நேரத்துல, 1877 ஜனவரி 1-ஆம் தேதி, வைஸ்ராய் லிட்டன் டெல்லியில பெரிய தர்பார் நடத்தி விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினின்னு அறிவிச்சார்.

13/
பஞ்சத்துல சும்மா சோறு போட்டா ஜனங்க சோம்பேறியாயிடுவாங்கன்னு கொள்கை. அதனால நிவாரண வேலை. மண்ணு வெட்டு, சுமந்து கொட்டு, கூலி வாங்கு.

எவ்வளவு கூலி? செலவைக் குறைக்க டெல்லியிலேந்து அனுப்பின அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள். இவர் 1873–74 பீகார் பஞ்சத்துல தாராளமா தானியம் வாங்கிக் கொடுத்து உயிர்களைக் காப்பாத்தினவர். "இவ்வளவு செலவு பண்ணலாமா"ன்னு அதுக்குத் திட்டு வாங்கினார். இந்தத் தடவை நல்ல பேர் எடுக்கணும்னு முடிவோட வந்தார்.

14/
அவர் நிர்ணயிச்சது: ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஒரு அணாவும். பொம்பளைக்கும் குழந்தைக்கும் இன்னும் குறைச்சல். வரலாத்துல இதுக்குப் பேரே 'டெம்பிள் கூலி'.

கணக்குப் போடுவோம். 450 கிராம் அரிசி சுமார் 1,600 கலோரி. வெயில்ல நாள் பூரா மண்ணு வெட்டற ஆளுக்குத் தேவை 3,000-க்கு மேல. மீதி எங்கேந்து வரும்? முதல்ல உடம்புல இருக்கிற கொழுப்பு. அது தீர்ந்தா தசை. கடைசியில குடலோட உள்சவ்வே நைஞ்சுடும். அப்புறம் சோறு கொடுத்தாலும் தங்காது, பேதியாப் போகும். பட்டினியில செத்தவங்க பேருக்கு நேரா ரிஜிஸ்தர்ல 'வயித்துப்போக்கு'ன்னு எழுதியிருப்பாங்க.

15/
இதை அன்னைக்கே எதிர்த்து எழுதின ஒருத்தர் இருந்தார். டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். சென்னை மாகாணத்தோட சானிட்டரி கமிஷனர். இன்னைக்கு மொழியில சொன்னா பொது சுகாதாரத் துறைத் தலைவர். எங்களை மாதிரியே கவர்மென்ட் டாக்டர்.

இவருக்கு நம்ம சாப்பாடு தெரியும். 1863-லயே சென்னை மாகாண ஜனங்க எந்த ஜில்லாவுல என்ன சாப்பிடறாங்கன்னு அறிக்கை போட்டவர். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையும் இவர் எழுதினதுதான். அதனால ஒரு பவுண்டுன்னா என்ன நடக்கும்னு அவருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்ல.

16/
கார்னிஷ் சொன்னது: வேலை செய்யற ஆளுக்குக் குறைஞ்சது ஒன்றரைப் பவுண்டு, 680 கிராம் தானியம் வேணும். அதோட பருப்பும் காயும் வேணும். இல்லன்னா இது மெதுவாக் கொல்றதுதான்னு மேலிடத்தோட மல்லுக்கு நின்னார். வைஸ்ராய் அனுப்பின அதிகாரிக்கு எதிரா, ஒரு டாக்டர், ஃபைல்ல.

1877-லயே சென்னை அரசாங்கம் கூலியைப் பாதி வழிக்கு உயர்த்துச்சு: 570 கிராம் தானியம், கொஞ்சம் பருப்பு. அவர் கேட்டது முழுசாக் கிடைக்கல. ஆனா அந்த 120 கிராம் எத்தனை பேரை அடுத்த மாசம் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்!

எம்பிபிஎஸ்-ல எங்களுக்கு ஸ்னோ உண்டு, ராஸ் உண்டு. கார்னிஷ் பேரை நான் கேள்விப்பட்டதே இந்தத் தேடல்லதான்.

17/
அப்போ சென்னை கவர்னர் பக்கிங்காம் கோமகன். பஞ்சத்துக்கு அரசாங்கம் தானியம் வாங்கணும்னு வைஸ்ராயோட மோதினவரும் அவர்தான். 1878-ல அவர் பேரையே கால்வாய்க்கு வச்சாங்க. வெட்டின ஜனங்க பேர் எங்கயும் இல்ல.

சென்னைக்காரங்க அந்த எட்டு கிலோமீட்டரை இன்னைக்கும் பார்க்கலாம். சேப்பாக்கத்துலேந்து மயிலாப்பூர் வழியா போற பறக்கும் ரயிலோட தூண்கள் வரிசையா நிக்கிறது அந்தக் கால்வாய்லதான். அடுத்த தடவை திருமயிலை ஸ்டேஷன்ல ரயிலுக்குக் காத்திருக்கும்போது கீழ எட்டிப் பாருங்க. நாத்தத்துக்கு மூக்கைப் பொத்திக்கிட்டாவது பாருங்க.

18/
கால்வாய் எப்படிச் செத்தது? ரயில் வந்தது, லாரி வந்தது. மண் தூர்ந்தது. 1965, 1966 புயல்கள் மிச்சத்தை உடைச்சது. படகு ஓட்டின குடும்பங்க மீன்பாடு, உப்பளம், கட்டட வேலைன்னு சிதறினாங்க. பெரியவரோட அப்பாவும் கடைசிக் காலத்துல செங்கல் சூளைக்குத்தான் போயிருக்கார்.

2004 டிசம்பர் 26 காலையில கல்பாக்கம், புதுப்பட்டினம் கரையில சுனாமி ஏறினப்போ, உள்ளே வந்த தண்ணியில ஒரு பகுதியை இந்த வாய்க்கால் வாங்கிக்கிச்சு. 2008-ல இதையும் சேர்த்து காக்கிநாடா–புதுச்சேரி தடத்தைத் தேசிய நீர்வழி 4-னு அறிவிச்சாங்க. எங்க ஊர்ப் பக்கம் இன்னும் ஆகாயத்தாமரைதான் பயணம் பண்ணுது.

19/
இப்போ கடலுக்கு வருவோம். 2022 ஜூன் 4-ல சென்னைத் துறைமுகத்துலேந்து சொகுசுக் கப்பல் சுற்றுலாவை முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைச்சுத் தொடங்கி வச்சார். அந்த 'எம்ப்ரஸ்' கப்பலுக்கும் ஒரு கதை உண்டு. 1990-ல 'நார்டிக் எம்ப்ரஸ்'னு பிரான்ஸ்ல கட்டினது. மூணு நாலு நாள் குட்டிப் பயணத்துக்குன்னே வடிவமைச்ச முதல் கப்பல்னு அதுக்குப் பேர். பல வருஷம் அமெரிக்காக்காரங்களை வார இறுதிக்குக் கூட்டிக்கிட்டுப் போன கப்பல் அப்புறம் நம்ம பக்கம் வந்தது.

ரெண்டு ராத்திரிப் பயணம்னா பல சமயம் எந்த ஊர்லயும் இறங்க மாட்டீங்க. நடுக்கடலுக்குப் போய், சாப்பிட்டு, ஆடிப்பாடி, திரும்புவீங்க. இது தெரியாம "எந்த ஊர் பார்த்தீங்க"ன்னு கேக்கறவங்களுக்குப் பதில் தயாரா வச்சுக்கோங்க.

20/
என்ன உடுத்தறது?

பகல்ல மேல் தளத்துக்கு: லேசான பருத்தி, தளர்வா, முடிஞ்சா முழுக்கை. ஒரு காலத்துல எங்க சதுரங்கப்பட்டினத்து மஸ்லினுக்காகத்தான் டச்சுக்காரன் கப்பல்ல வந்து கோட்டை கட்டினான். கடல் வெயிலுக்குப் பருத்தியை மிஞ்ச ஒண்ணும் இல்ல. விளிம்பு வச்ச தொப்பி, அதுக்குக் கயிறும் இருக்கணும். இல்லன்னா காத்து எடுத்துக்கும்.

உள்ளே ஏசி பலமா இருக்கும். ஒரு மெல்லிய சால்வை அல்லது ஸ்வெட்டர். ராத்திரி விருந்துக்குக் கொஞ்சம் நல்ல உடுப்பு ஒண்ணு. கோட்டு சூட்டெல்லாம் வாங்கிக் கடன்படாதீங்க.

21/
காலுக்கு: வழுக்காத, பின்வார் வச்ச செருப்பு. ஈரமான தளத்துல விழுந்து இடுப்பெலும்பை முறிச்சுக்கிறதுதான் பெரியவங்களுக்கு நிஜமான கப்பல் ஆபத்து. ஹீல்ஸ் வேண்டாம். புதுச் செருப்பும் வேண்டாம்.

புடவை, வேட்டி ரெண்டும் தாராளமாக் கட்டலாம். படிக்கட்டுலயும் காத்தடிக்கிற தளத்துலயும் மட்டும் கவனம். கூடவே ஒரு நைட் பேன்ட் எடுத்து வச்சுக்கோங்க.

22/
குமட்டல். கால்வாய்ல அலை கிடையாது, அதனால இந்தத் தொல்லையும் கிடையாது. கடல்ல உண்டு. காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு "ஆடறோம்"னு சொல்லும். அறைக்குள்ள இருக்கிற கண்ணு "இல்லையே, சுவர் அசையாமத்தானே இருக்கு"ன்னு சொல்லும். மூளை குழம்பும். வயிறு வெளியே வரும். அஞ்சு வருஷம் பீகிள் கப்பல்ல சுத்தின டார்வினே கடைசி வரைக்கும் வாந்தி எடுத்தவர்தான்.

கப்பலோட நடுப்பகுதி, கீழ்த்தளத்து அறை கேளுங்க, ஆட்டம் குறைவு. குமட்டினா வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்க. மொபைலைப் பார்க்காதீங்க. அக்டோபர்–டிசம்பர் மழைக்காலத்துல கடல் கொந்தளிப்பா இருக்கும், அதைத் தவிர்க்கலாம்.

23/
மாத்திரை: 1947-ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல அரிப்புக்கு ஒரு புது மருந்தைச் சோதிச்சாங்க. ஒரு பொண்ணு, "அரிப்பு இருக்கட்டும் டாக்டர், டிராம்ல போனா எனக்கு இப்பல்லாம் வாந்தியே வரல"ன்னு சொன்னாங்க. டாக்டருங்க காது கொடுத்துக் கேட்டாங்க. பட்டாளக் கப்பல்ல வச்சுச் சோதிச்சாங்க. அதுதான் டைமென்ஹைட்ரினேட். நோயாளி போகிற போக்குல சொல்றதைக் கேக்கணும்ங்கிறதுக்கு நான் ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சொல்ற கதை இது.

இதையோ ப்ரோமெத்தசினையோ, டாக்டரைக் கேட்டுட்டு, கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பெருசா பலனில்ல. தூக்கம் வரும். மதுவோட சேர்க்கவே கூடாது.

24/
முக்கியமான எச்சரிக்கை: புராஸ்டேட் வீக்கம் இருக்கிற பெரியவங்க, சில வகைக் கண் அழுத்த நோய் இருக்கிறவங்க இந்த மாத்திரைகளைச் சொந்தமா வாங்கிப் போடாதீங்க. நடுக்கடல்ல ஒண்ணுக்கு அடைச்சுக்கிட்டா என்ன கஷ்டம்னு யோசிங்க. நம்ம பெரியவருக்கும் புராஸ்டேட் உண்டு. அவருக்கு நான் மாத்திரை தரல. இஞ்சி மிட்டாய், தொடுவானம், நடுத்தள அறை, அவ்வளவுதான்.

சுகர், பிரஷர், இதய மாத்திரைகள் கைப்பையில. பெரிய பெட்டியில போடாதீங்க, அது அறைக்கு வந்து சேர நேரமாகும். ரெண்டு நாள் அதிகமாவே எடுத்துக்கோங்க. பெரும்பாலான கப்பல்கள்ல 24 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளை ஏத்த மாட்டாங்க, டிக்கெட் எடுக்கும் முன்னாடியே கேளுங்க.

25/
கடைசியா, கை. கப்பல்ல கூட்டமா ஒரே இடத்துல சாப்பிடறோம். நோரோவைரஸ்ங்கிற வயித்துப்போக்கு வைரஸுக்கு அது திருவிழா. சானிடைசர் அதை ஒழுங்கா அழிக்காது. சோப்பு, தண்ணி, இருபது செகண்ட். சாப்பாட்டுக்கு முன்னாடியும் கழிப்பறைக்குப் பிறகும்.

காலரா பெல்ட் கட்டின துரைமாருக்கும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

26/
பெரியவர் போயிட்டு வந்துட்டார். போன வாரம் வந்தார். பிரஷர் ஓகே, சுகர் எகிறியிருக்கு. "அங்க கேக்கு சும்மா வச்சிருக்காங்கம்மா"ன்னார். மாத்திரையை மாத்தல, கேக்கைத் திட்டினேன்.

வேட்டிதான் கட்டியிருக்கார். பொண்ணு மொபைல்ல போட்டோ அனுப்பியிருக்காங்க. மேல் தளத்துக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, வேட்டி படபடக்க, நெத்தியில கை வச்சு எதையோ தேடற மாதிரி நிக்கிறார்.

27/
"என்னய்யா தேடறீங்க?"ன்னு கேட்டேன்.

"ராத்திரி தூக்கம் வரலம்மா. மெத்தை ரொம்ப மெத்துன்னு இருந்துச்சு. காலையில வெள்ளனவே மேல வந்தேன். நம்ம மாபலிபுரம் லைட்டவுசு தெரியுதான்னு பாத்தேன். தெரியல."

கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு சொன்னார்: "எங்கப்பாருக்குத் தோள்ல இங்க ஒரு தழும்பு இருக்கும். கயிறு அறுத்தது. சாவுற வரைக்கும் போவல. நான் படுத்துக்கிட்டே போயிட்டு வந்துட்டேன். யாரு இழுத்தாங்கன்னே தெரியல."

என்கிட்ட அதுக்கு மருந்து இல்ல. ரெண்டு மாசத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.

28/
நான் நோயாளிங்க தோளைத் தினமும்தான் பார்க்கிறேன். தோள்ல தழும்பு இருந்தா, எப்படி வந்ததுன்னு கேக்கணும்னு இந்த இழையை எழுதும்போதுதான் தோணுது. மரக்காணத்துலேந்து எண்ணூர் வரைக்கும் இன்னும் எத்தனையோ வீட்ல, அப்பா வாய்க்கால்ல படகு இழுத்தார், தாத்தா உப்பு ஏத்தினார், கொள்ளுப்பாட்டி பஞ்சத்துல மண்ணு சுமந்தான்னு சொல்ற பெரியவங்க இருக்காங்க. படகுல உட்கார்ந்து வந்தவங்க பாட்டும் புத்தகமும் எழுதிட்டாங்க. இழுத்தவங்க பேர் அவங்க பிள்ளைங்க ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு. அந்தப் பிள்ளைங்களுக்கே இப்போ எழுபது எண்பது வயசு.

உங்க வீட்ல அப்படி ஒருத்தர் இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. மொபைல்ல பதிவு பண்ணுங்க. பேர், ஊர், எங்கேந்து எங்க வரைக்கும் இழுத்தாங்க, என்ன கூலி, என்ன சாப்பிட்டாங்க. எனக்கும் எழுதி அனுப்புங்க, நான் சேர்த்து வைக்கிறேன்.

கப்பலுக்குப் போறவங்க சோப்பு எடுத்துட்டுப் போங்க. வேட்டி கட்டிக்கிட்டும் போலாம்.